நாம் யாரை வியக்கிறோம், எதற்காக?

நம் பங்குத் திருவிழாக்களில் தேர்ப்பவனியைப் போலவே ஆண்டு தவறாமல் இடம்பெறுவது கட்டுரைப் போட்டி. தலைப்புக்குப் பஞ்சம் ஏற்படும்போதெல்லாம் விழாக் குழுவினருக்குக் கைகொடுப்பது ‘நான் மிகவும் போற்றும் மனிதர்’ என்ற தலைப்பு. சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய போட்டி ஒன்றுக்கு நடுவராக அமர்ந்தேன். நாற்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் வந்திருந்தன. அவற்றில் இருந்த பெயர்களோ நான்கைத் தாண்டவில்லை: அன்னை தெரேசா, காந்தியடிகள், காமராசர், அப்துல் கலாம். பிறந்த ஊர், பெற்றோர், படிப்பு, பதவி, பெற்ற விருதுகள், இறுதியில் ‘நாமும் அவர் வழி நடப்போம்’ என்றொரு வரி. இந்த வார்ப்பிலிருந்து ஒரு கட்டுரைகூட விலகவில்லை.

முதற்பரிசு பெற்ற மாணவியிடம் பரிசளிப்புக்குப் பின் ஒரு கேள்வி கேட்டேன். “இவரைப் போற்றத் தொடங்கிய பிறகு நீ முன்பு செய்துகொண்டிருந்த எதையாவது விட்டுவிட்டாயா அம்மா?” அவள் சற்றே திகைத்தாள். பிறகு, “அப்படி எழுதணும்னு யாரும் சொல்லலியே ஐயா” என்றாள்.

அந்தப் பிள்ளை சொன்னது உண்மை. யாரும் சொல்லவில்லை. நாமும் நமக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. குற்றம் அவளுடையதன்று, அவளுக்கு முன்னே நடந்துகொண்டிருக்கும் நம்முடையது. போற்றுதல் என்பது நாம் ஒருவருக்குச் செலுத்தும் மரியாதை என்று எண்ணிவிட்டோம். படத்தைச் சுவரில் மாட்டி, மாலையிட்டு, பிறந்த நாளில் ஒருமுறை பேசிவிட்டால் அந்தக் கடன் தீர்ந்தது என்பது நம் கணக்கு. இறைவாக்கினர்களின் கல்லறைகளை அழகுபடுத்தியோரை ஆண்டவர் எவ்வளவு கடுமையாகக் கடிந்துகொண்டார் என்பதை மத்தேயு நற்செய்தியின் 23ஆம் அதிகாரத்தில் ஆண்டுதோறும் வாசிக்கக் கேட்கிறோம். அது பரிசேயருக்குச் சொல்லப்பட்டது என்று எண்ணி நிம்மதியாக வீடு திரும்புகிறோம்.

நான் சொல்லவருவது இதுதான். ஒருவரை நாம் உண்மையாகவே வியக்கிறோம் என்றால், அவர் நம்மைத் தொந்தரவு செய்ய வேண்டும். அவர் வாழ்வு நம் வாழ்வைக் கேள்வி கேட்க வேண்டும். வெற்றியும் விருதும் காலமும் சான்றளித்து முடித்த பெயர்களை மட்டுமே நாம் தேர்ந்தெடுப்பது, அவர்களிடமிருந்து இனி நமக்கு எந்த ஆபத்தும் இல்லை என்பதால்தான். மேலே சொன்ன நால்வரும் மாமனிதர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர்களை நாம் ஆபத்தில்லாதவர்களாக்கி வைத்திருக்கிறோம்.

சரி, நீர் யாரைத் தேர்ந்தெடுப்பீர் என்று வாசகர்கள் கேட்கலாம். என் பதில், நம்மில் பலர் கேள்விப்படாத ஒரு பெயர்: பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர். ஆஸ்திரிய நாட்டில், செர்மானிய எல்லையோரம், புனித ராடெகுண்ட் என்னும் சிற்றூரில் வாழ்ந்த ஓர் உழவர்.

அவர் 1907ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் பண்ணைக் கூலிகள். திருமணம் செய்துகொள்ளவும் வசதியில்லாதவர்கள். தந்தை முதல் உலகப் போரில் மாண்டார். தாயை மணந்த யேகர்ஸ்டேட்டர் என்பவர் சிறுவனைத் தத்தெடுத்துத் தம் பெயரைக் கொடுத்தார். இளமையில் பிரான்ஸ் புனிதராக வளரவில்லை. ஊரிலேயே முதன்முதலாக மோட்டார் சைக்கிள் வாங்கியவர் அவர்தான். சில காலம் இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். திருமணத்துக்கு வெளியே ஒரு பெண் குழந்தைக்குத் தந்தையுமானார். புனிதர் வரலாறுகளில் நாம் தேடும் தொட்டில் பருவத்து அற்புதங்கள் எதுவும் இவர் கதையில் இல்லை.

1936ஆம் ஆண்டு பெரிய வியாழனன்று பிரான்சிஸ்காவை மணந்தார். மணமக்கள் உரோமை நகருக்குத் திருப்பயணம் சென்று திரும்பினர். மூன்று பெண் குழந்தைகள் பிறந்தனர். மனைவியின் ஆழ்ந்த இறைப்பற்று கணவரையும் தொற்றிக்கொண்டது. இருவரும் சேர்ந்து விவிலியம் வாசித்தனர்; உழவுக்குப் போகுமுன் திருப்பலிக்குச் சென்றனர். பிற்பாடு அவர் ஊர்க் கோவிலின் சக்ரிஸ்தானாகவும் பணியாற்றினார்.

அவருடைய ஊர் பிரவுனாவ் மாவட்டத்தைச் சேர்ந்தது. இட்லர் பிறந்த மாவட்டம் அது. 1938 மார்ச்சில் செர்மானியப் படைகள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தன. ஏப்ரல் 10ஆம் நாள், இந்த இணைப்பை ஏற்கிறீர்களா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. ‘ஆம்’ என்று வாக்களிக்கும்படி ஆஸ்திரிய ஆயர்களே அறிக்கை வெளியிட்டிருந்தனர். புனித ராடெகுண்டில் ‘இல்லை’ என்று வாக்களித்தவர் ஒருவரே. அந்த ஒரு வாக்கையும் ஊர் அதிகாரிகள் மறைத்து, ஊரே ஒருமனதாக ஏற்றதாகக் கணக்கு அனுப்பினர்.

அந்த ஒருவர் அதன்பின் தம் வழியில் தொடர்ந்து நடந்தார். நாத்சிக் கட்சியின் நிதி வசூலுக்குக் காசு கொடுக்க மறுத்தார். குழந்தைகளுக்கென அரசு தந்த உதவித்தொகையும் தமக்கு வேண்டாம் என்றார். அவருடைய பங்குத்தந்தை, ஆட்சியை எதிர்த்து மறையுரை ஆற்றியதற்காக 1940இல் கைது செய்யப்பட்டார். அதே ஆண்டில் பிரான்சும் படைக்கு அழைக்கப்பட்டார். முதலில் போனார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பயிற்சி பெற்றார், ஊர்த்தலைவரின் முயற்சியால் 1941இல் உழவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். படைக்குள்ளே தாம் கண்டதும், மனநோயாளிகளை ஆட்சி கொன்றுவருவதாகக் காதில் விழுந்ததும் அவரை உறுதியான ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தன. மீண்டும் அழைத்தால் போவதில்லை. அநீதியான போரில் கொல்வது பாவம் என்றால், அந்தப் பாவத்தை அரசு ஆணையிட்டது என்பதற்காகச் செய்ய முடியாது.

இந்த முடிவை அவர் தம் தலையில் தோன்றியபடி எடுத்துவிடவில்லை. குருக்களைக் கேட்டார். லின்ஸ் நகருக்குச் சென்று ஆயர் யோசப் பிளீசரையே நேரில் சந்தித்தார். கேள்விகளை எழுதி எடுத்துச் சென்றிருந்தார். குடும்பத் தலைவரான உமக்குப் போரின் நீதி அநீதியைத் தீர்மானிக்கும் பொறுப்பு இல்லை. மனைவி மக்களைக் காப்பதே உமது கடமை என்பதே ஆயர் தந்த பதிலின் சாரம். பிரான்ஸ் வருத்தத்தோடு வெளியே வந்தார்.

1943 பிப்ரவரியில் அழைப்பாணை வந்தது. மார்ச் முதல் நாள் படைமுகாமுக்குச் சென்று, போரிட மாட்டேன் என்று அறிவித்தார். காயமுற்றோருக்கு மருத்துவப் பணி செய்யத் தயார் என்றார், அதை ஏற்கவில்லை. லின்சில் இரண்டு மாதம், பின் பெர்லின் டேகல் சிறை. சூலை 6ஆம் நாள் படைநீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. ஆகஸ்டு 9ஆம் நாள் பிராண்டன்பர்க்கில் தலை வெட்டப்பட்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 36. கடைசி நாள் வரை, இணங்கினால் உயிர் பிழைக்கலாம் என்ற வழி திறந்தே இருந்தது.

இவரைத்தான் நான் மிகவும் போற்றுகிறேன் என்று நண்பர்கள் கூடிய இடத்தில் ஒருமுறை சொன்னேன். உடனே மூன்று மறுப்புகள் எழுந்தன. அவை என் நண்பர்களின் மறுப்புகள் மட்டுமல்ல. நம் ஒவ்வொருவருடைய உள்ளத்திலும் தயாராகக் காத்திருப்பவை. ஆகவே அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் மறுப்பு: “மூன்று சிறு பெண் குழந்தைகளையும் மனைவியையும் நடுத்தெருவில் விட்டுப் போனவரையா போற்றச் சொல்கிறீர்?” இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. மூத்த பெண்ணுக்கு அப்போது ஆறு வயதுகூட நிறையவில்லை. ஆனால் இதைக் கேட்கும் உரிமை ஒருவருக்கே உண்டு. அவர் பிரான்சிஸ்கா. அவர் என்ன செய்தார்? தொடக்கத்தில் கணவரை மாற்ற முயன்றார், அழுதார். ஆனால் ஊராரும் உற்றாரும் ஒன்றுசேர்ந்து அவரைச் சூழ்ந்துகொண்டபோது, தானும் கைவிட்டால் அவருக்கு யாருமே இல்லை என்று கண்டு அவர் பக்கம் நின்றார். பிற்காலத்தில் அவரே இதைச் சொன்னார். வயலில் உழுதார், விதைத்தார், பிள்ளைகளை வளர்த்தார், சிறைக்குக் கடிதம் எழுதினார். தண்டனைக்குப் பின் ஊர்க் குருவுடன் பெர்லின் வரை சென்று கணவரைச் சில நிமிடங்கள் கண்டு திரும்பினார். கணவரைச் சாகவிட்டவள் என்ற பழிச்சொல்லை ஊரில் சுமந்தார். போரில் கணவரை இழந்த பெண்களுக்குரிய உதவித்தொகை அவருக்கு 1950 வரை மறுக்கப்பட்டது. ஒரு நாளும் அவர் கணவரைக் குறை கூறவில்லை.

இன்னொன்றையும் கேட்கிறேன். அந்தப் போருக்கு மறுப்பின்றிச் சென்ற தந்தையரில் எத்தனை பேர் திரும்பவில்லை! அவர்களுடைய பிள்ளைகளும் தந்தையை இழந்தார்கள். அவர்களை யாரும் குடும்பத்தைக் கைவிட்டவர்கள் என்று ஏசவில்லை. ஊர் நடுவே நினைவுக்கல் நாட்டினார்கள். அரசுக்காகக் குடும்பத்தை விட்டுச் சென்றால் வீரம், மனச்சான்றுக்காக விட்டுச் சென்றால் பொறுப்பின்மை! இது எந்த ஊர் நியாயம்?

இரண்டாம் மறுப்பு: “ஆயர் சொல்லியும் கேளாதவர், அதிகாரத்துக்குப் பணியாதவர் நல்ல கத்தோலிக்கரா?” ஆளும் அதிகாரத்துக்குப் பணியுமாறு பவுலடியார் உரோமையருக்கு எழுதியது நமக்குத் தெரியும். நாத்சி ஆட்சிக் காலத்தில் செர்மானியக் கிறிஸ்தவர்களுக்கும் அது மீண்டும் மீண்டும் நினைவூட்டப்பட்டது. ஆனால் தலைமைச் சங்கத்தின் முன் நின்ற பேதுரு, மனிதரைவிடக் கடவுளுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்று சொன்னதும் அதே விவிலியத்தில்தான் இருக்கிறது. பிரான்ஸ் திருச்சபையை உதறியவர் அல்லர். நாள்தோறும் நற்கருணை வாங்கியவர்; ஆயரையோ குருக்களையோ தூற்றாதவர். அவர்களுக்கு வேறு அச்சங்களும் சுமைகளும் உண்டு என்று புரிந்துகொண்டவர். தம் மனச்சான்றை மட்டும் அவர் யாரிடமும் அடகு வைக்கவில்லை. அதே குற்றத்துக்காக முந்திய ஆண்டு பிரான்ஸ் ரைனிஷ் என்ற குரு கொல்லப்பட்டார் என்று சிறையின் ஆன்ம குரு சொல்லக் கேட்டபோதுதான், தாம் தனியாக இல்லை என்ற பெரும் ஆறுதல் அவருக்குக் கிடைத்தது.

திருச்சபை பிற்பாடு என்ன சொன்னது என்பதையும் பார்ப்போம். 1946இல் அதே ஆயர், பிரான்சைப் பற்றிய கட்டுரை மறைமாவட்ட இதழில் வெளிவரத் தடை விதித்தார். கடமையெனக் கருதிப் போர்க்களத்தில் மாண்ட கத்தோலிக்க இளைஞர்களே பெரிய வீரர்கள் என்பது அவர் கருத்து. மறைமாவட்ட இதழ் ஒன்றில் இதை எழுதும் எனக்கும் படிக்கும் உங்களுக்கும் அச்செய்தி சிந்தனைக்குரியது. கார்டன் சான் என்ற அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் அந்தச் சிற்றூருக்கே சென்று விசாரித்து 1964இல் நூல் வெளியிட்ட பிறகுதான் உலகம் பிரான்சை அறிந்தது. அவரது வரலாற்றை இரண்டாம் வத்திக்கான் சங்கத் தந்தையரின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? நம் பம்பாய் மறைமாவட்டத்தின் முன்னாள் பேராயர் தாமஸ் ராபர்ட்ஸ். 1965 டிசம்பர் 7ஆம் நாள் வெளியான ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் கொள்கை விளக்கம், மனச்சான்றின் பொருட்டு ஆயுதம் ஏந்த மறுப்போருக்குச் சட்டங்கள் மனிதநேயத்தோடு இடமளிக்க வேண்டும் என்று 79ஆம் எண்ணில் கூறுகிறது. 2007 அக்டோபர் 26ஆம் நாள், அன்று ஆயரைக் காணச் சென்ற அதே லின்ஸ் நகரின் பேராலயத்தில் பிரான்ஸ் அருளாளராக உயர்த்தப்பட்டார். 94 வயதான பிரான்சிஸ்காவும் அங்கே இருந்தார். 2013 மார்ச்சில், நூறு வயது நிறைந்து சில நாள்களில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

மூன்றாம் மறுப்புதான் மிகவும் புத்திசாலித்தனமாகத் தோன்றுவது: “அவர் இறந்ததால் என்ன பயன்? போர் ஒரு நாள் முன்னதாக முடிந்ததா?” இல்லை. இட்லருக்கு அவர் பெயர்கூடத் தெரிந்திருக்காது. ஆனால் 1938 ஏப்ரலில் நடந்ததைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒற்றை வாக்கு பயனற்றது என்றால் அதை ஏன் மறைத்தார்கள்? நூற்றுக்கு நூறு என்று எழுதியே தீர வேண்டிய அவசியம் அவர்களுக்கு ஏன் வந்தது? தனி ஒருவரின் மறுப்புக்கு எவ்வளவு கனம் என்பது நம்மைவிட அந்த அதிகாரிகளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எல்லோரும் உடன்பட்டார்கள் என்ற பொய்யின் மேல்தான் அத்தகைய ஆட்சிகள் நிற்கின்றன. ஒருவர் உடன்படவில்லை என்றாலும் அது பொய்தான். மேலும், உடனடிப் பயனை வைத்தே ஒரு செயலின் மதிப்பை அளப்பதென்றால், கல்வாரியில் வெள்ளி மாலை கணக்குப் பார்த்த ஒருவர் என்ன எழுதியிருப்பார்? 1943இல் வழங்கிய தீர்ப்பை 1997 மே மாதம் பெர்லின் நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. அந்த உழவரைச் சாகச் சொன்ன சட்டம்தான் இறுதியில் குற்றவாளியாயிற்று.

இவ்வளவு எழுதிய பின் என்னைப் பற்றியும் சொல்லாவிட்டால் நானும் அந்த நாற்பது கட்டுரையாளர்களில் ஒருவனாகிவிடுவேன்.

நான் அலுவலகப் பணியில் இருந்தவன். ஒருமுறை, செய்யப்படாத ஒரு வேலை செய்து முடிக்கப்பட்டதாகச் சான்றளிக்கும் கோப்பு என் மேசைக்கு வந்தது. எனக்கு மேலே மூவர் கையொப்பமிடக் காத்திருந்தனர். என் கையொப்பம் முதலில் விழ வேண்டும். இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள், “உங்களுக்கும் இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்” என்று மேலிருந்து அன்போடு ஒரு சொல் வந்தது. கையொப்பமிட்டேன். அந்த ஞாயிறு ஒப்புரவு அருளடையாளம் பெற்றேன். அதை மட்டும் சொல்லவில்லை. குடும்பக் கடமை என்று எனக்கு நானே பெயர் சூட்டிக்கொண்டதால் அது பாவப் பட்டியலில் சேரவில்லை. யாருடைய தலையும் அங்கே போகவிருக்கவில்லை. போயிருக்கக்கூடியது ஓர் இடமாற்றம். ஒரு பதவி உயர்வு. அவ்வளவே.

பல ஆண்டுகள் கழித்து பிரான்சின் வரலாற்றைப் படித்தபோது, ஆயர் அவரிடம் சொன்ன அந்தப் பதிலில் வந்து நின்றேன். குடும்பத் தலைவரே, உமக்கு அந்தப் பொறுப்பு இல்லை. அதே சொல்லை எனக்கு நானே சொல்லிக்கொண்டவன் அல்லவா நான்! எனக்குப் பிடித்திருந்த பதில் அவருக்குப் போதவில்லை. நான் அவரைப் போற்றத் தொடங்கியது அந்த இடத்தில்தான். அந்தப் போற்றுதல் எனக்கு இன்பமாக இல்லை, இன்றும் இல்லை.

அன்பார்ந்த இறைமக்களே, நம்மில் யாரையும் இட்லரின் படைக்கு அழைக்கப்போவதில்லை. ஆனால் அழைப்பாணைகள் வேறு வடிவில் வந்துகொண்டேதான் இருக்கின்றன. வாக்குக்குக் கொடுக்கும் பணத்தை ‘எல்லோரும்தானே வாங்குகிறார்கள்’ என்று கைநீட்டி வாங்குகிறோம். மகனுக்குப் பெண் பார்க்கும்போது விலைப்பட்டியலை மாமன் வாயால் சொல்லச் செய்கிறோம். ஒரே அப்பத்தில் பங்குகொள்ளும் நம்மில் சிலருக்குச் சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் இன்னும் தனி இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். கேட்டால் ‘ஊர் வழக்கம்’ என்கிறோம். எல்லாவற்றிலும் புனித ராடெகுண்டின் கணக்குத்தான்: ஒருமனதாக ஏற்கப்பட்டது. அந்த ஒற்றை ‘இல்லை’ நம் பங்கில் யாருடையது?

1752இல் ஆரல்வாய்மொழி மலையில் சுடப்பட்டு இறந்த தேவசகாயம் 2022 மே 15ஆம் நாள் புனிதராக அறிவிக்கப்பட்டபோது நாம் மகிழ்ந்தோம், பட்டாசு வெடித்தோம். அவரும் குடும்பத்தவர், அவரும் அரண்மனை அலுவலர். உயர்குடியில் பிறந்தும், சாதி வேற்றுமை பாராமல் எல்லாரோடும் பழகியவர். அவரது சுருவத்தைச் சுமந்து செல்லும் தேர், கல்லறையில் நாம் வைத்திருக்கும் அந்த எல்லைக்கோட்டைக் கடந்து போகிறதா என்று மட்டும் அடுத்த திருவிழாவில் கவனியுங்கள்.

விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டும் கட்டுரைப் போட்டி நடத்துங்கள். தலைப்பையும் மாற்ற வேண்டாம். ஆனால் போட்டியைப் பிள்ளைகளுக்கு வைக்காமல் பெற்றோருக்கு வையுங்கள். பிறந்த ஊரும் விருதுகளும் வேண்டாம். ‘இவரைப் போற்றுவதால் நான் செய்ய மறுத்தது இது’ என்று ஒரே ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். வெற்றுத்தாள்கள் நிறைய வரும். என்னுடையதும் அவற்றில் ஒன்றாக இருக்கலாம். அந்தத் தாள்களைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, அதன்பின் தேரை இழுப்போம்.